மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் காபி

"எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே காபி வாங்கினேன். பாக்கெட்டில் 'மல்லிகை, எலுமிச்சை' என்று போட்டிருக்கிறது. எசென்ஸ் கலக்கிறார்களா சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இல்லை. ஒரே வட்டாரத்தில் விளைந்த கொட்டை, அவ்வளவுதான். ரகம், உயரம், பழத்தை உலர்த்திய விதம், வறுவல் எல்லாம் சேர்ந்து மணத்தைத் தீர்மானிக்கின்றன. வறுத்த காபியில் ஆவியாகும் சேர்மங்கள் 800-க்கும் மேல். அதில் ஒன்றான லினலூல் மல்லிகைப் பூவிலும் இருக்கிறது.

சரி, நாக்கு அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாக்குக்கு அந்த வித்தையே தெரியாது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) என ஐந்தோடு அதன் படிப்பு முடிந்தது. மிச்சமெல்லாம் மூக்கின் வேலை, அதுவும் கொல்லைப்புற வழியாக. குடிக்கும்போது சிரித்து, காபி மூக்கில் ஏறியதுண்டா? அந்த வழிதான். விழுங்கும் நொடியில் மெல்லண்ணம், அதாவது வாயின் மேற்கூரையின் பின்பக்கத்து மென்சதை, எழுந்து அதை அடைத்துக்கொள்ளும். விழுங்கியதும் திறக்கும். அப்போது வெளியேறும் மூச்சு, தொண்டையில் ஒட்டியிருக்கும் காபியின் ஆவியை வாரிக்கொண்டு மூக்குக்குள் போகிறது. அங்கே மணத்தை உணரும் சுமார் 400 வகை மணவாங்கிகள் காத்திருக்கின்றன. காபி வாயில்தானே இருக்கிறது என்று, மூளை அந்த மணத்தையும் நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறது!

மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கசப்பு, புளிப்பு, சூடு, அவ்வளவுதான். விழுங்கிவிட்டு விரலை எடுங்கள். குப்பென்று காபி வந்து சேரும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

காபியைத் தரம் பார்ப்பவர்கள் கரண்டியில் எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சுவதும் இதற்காகத்தான். துளிகளாகச் சிதறினால் ஆவி நிறையக் கிளம்பும். என் அம்மா பார்த்தால் தலையில் குட்டுவார். காபி குடித்தால் கறுத்துப்போவாய் என்று மிரட்டியவரும் அவர்தான்.

மணத்தில் ரகத்துக்கும் பங்கு உண்டு என்றேனே, தென்னிந்தியத் தோட்டங்களில் பரவலாக இருக்கும் எஸ்.795 என்ற காபி ரகம் கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் தந்தது. ஒரு ரகத்தைத் தேற்றி எடுக்க வருடக்கணக்கில் ஆகும். காபிக் கடைகளின் அலங்காரத்துக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால் தேவலை.

வாசகருக்கு ஒன்று: அந்தப் பொடியில் டிகாக்‌ஷன் இறக்கிப் பால் ஊற்றிவிடாதீர்கள், மல்லிகை அமுங்கிவிடும். கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம். பாதி ஆறியதும் இன்னொரு வாய் குடியுங்கள். காபியிலும் சிட்ரிக் அமிலம் உண்டு. எலுமிச்சை அப்போதுதான் எட்டிப் பார்க்கும்.