முக்கோணத்துக்குள் ஓர் எண்

எங்கள் உலர்குப்பைக் கூடத்தைப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, “முக்கோணம் போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் காயலான் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள்?” என்று கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான்.

முக்கோணமாகச் சுழலும் அந்த மறுசுழற்சி அம்புக் குறியை 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் காகிதத்துக்காக வரைந்தார். 1988இல் அங்குள்ள பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டது. இது எந்த வகை பிளாஸ்டிக் என்று பிரிப்பவருக்குச் சொல்லத்தான் அந்த எண். மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. குழப்பம் தீரட்டும் என்று 2013இல் தரவிதியில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். டப்பாக்களில் என்னவோ அம்பு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

சிப்ஸ் பாக்கெட் 7, அதாவது ‘மற்றவை’. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிய பல அடுக்கு. பிரித்தெடுக்கும் கூலிக்குக் கட்டாது. பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போகிறது.

தண்ணீர் பாட்டில் அப்படியில்லை. அடியில் 1, அதாவது பெட் (PET) என்ற பிளாஸ்டிக். மூடி 2 அல்லது 5. நொறுக்கித் தொட்டியில் போட்டால் மூடித்துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும். அதனால் மூடியோடு வந்தாலும் சரி. படுத்துவது சில பாட்டில்களில் சுருங்கி ஒட்டியிருக்கும் பி.வி.சி. உறை, எண் 3. அதுவும் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். பெட் உருகும் சூட்டில், சுமார் 250 டிகிரியில், பி.வி.சி. சிதைந்து அமிலப் புகை விடும். கூட இருக்கும் பெட்டும் பழுப்பேறிப் போகும். முடிந்தால் உறையை உரித்துவிட்டுப் போடுங்கள்.

எங்களிடம் பிரிக்கும் அக்கா ஒருவர் எண்ணைப் பார்ப்பதே இல்லை. கவரைக் கையில் கசக்குவார். சரசரவென்றால் எச்.எம்., அதாவது அடர்த்தி கூடிய பாலித்தீன், 2ஆம் எண் கூடை. சத்தமில்லாமல் மெத்தென்று மடங்கினால் எல்.டி., அடர்த்தி குறைந்த பாலித்தீன், 4.

பால் பாக்கெட் அந்த 4தான். நல்ல விலை போகும், அலசிக் காயவைத்திருந்தால். இல்லையென்றால் இரண்டாம் நாள் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இன்னொன்று: மூலையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். அந்த நகத்தளவுத் துண்டு எங்கள் கைக்கு வருவதே இல்லை, உங்கள் வீட்டுச் சாக்கடையில்தான் கிடக்கும்.