கருப்பைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, கேள்விகள் இருந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும் தம் தொண்டையைத் தடவிக் காட்டி, "எனக்குக் கழுத்துல ஒன்னும் இல்லங்க டொக்டர், நல்லாத்தான் முழுங்குறேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களிடமே, கருப்பைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டபோது பதில் வரவில்லை. அன்று நான் அவர்கள் கையில் கொடுத்திருந்த துண்டுப்பிரசுரத்தில் ஒரு பிழையும் இல்லை. அது சொன்ன உறுப்பு அவர்கள் மனத்தில் எந்த இடத்திலும் இருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

நம் இலங்கையில் சேவைக்குக் குறைவில்லை என்று துணிந்து சொல்லலாம். சுகவனிதையர் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டிலிருந்து இயங்குகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்துப் பப் பரிசோதனையை (கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களைத் தடவி எடுத்துப் பார்ப்பதை) இலவசமாகச் செய்கிறார்கள், மார்பகத்தைப் பார்க்கிறார்கள், இரத்த அழுத்தத்தையும் சீனியையும் அளக்கிறார்கள். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசி, ஆறாம் வகுப்பு மாணவியருக்கு 2017 முதல் போடப்படுகிறது. அந்த வைரசு தொற்றிய நாளிலிருந்து புற்றுநோய் உருவாகும் வரை பெரும்பாலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்வதால், இடையில் ஓரிரு முறை பரிசோதித்தாலே மாற்றத்தைப் புற்றாகும் முன்னர் பிடித்துவிட முடியும். இவ்வளவு கால அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. ஆயினும் நான் பார்க்கும் பெண்களில் பலர், "வருத்தம் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு?" என்று கேட்டு அந்த அவகாசத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

இதில் கொழும்புக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 'தோட்டம்' என்று அழைக்கப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உயர்ந்த மாடிகளுக்கு மாற்றப்பட்டன. பழைய இடத்தில் வசதி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பொதுக் குழாயடியில் ஒருத்தியின் வெள்ளைபடுதல் மற்றவளுக்குத் தெரிந்திருந்தது. யார் எந்தக் கிளினிக்குக்குப் போனார், அங்கே என்ன சொன்னார்கள் என்பது தண்ணீர்க் குடத்தோடு வீடு வந்து சேர்ந்தது. மாடியில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குழாய் இருக்கிறது, கதவும் மூடியே இருக்கிறது. பெண்களோடு உடல்நலம் பேசக் கலையைப் பயன்படுத்தலாம் என்று நான் யோசிக்கத் தொடங்கியது அழகுணர்ச்சியால் அன்று. அந்தக் குழாயடிப் பேச்சை வேறு எங்கே உட்கார வைக்கலாம் என்ற தேவையால்.

உடல் வரைபடம் என்னும் முறை, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்த தென்னாபிரிக்கப் பெண்களுடன் 2000களின் தொடக்கத்தில் கேப் டவுனில் வளர்த்தெடுக்கப்பட்ட ஒன்று. ஒருவர் படுத்துக்கொள்ள, அவருடைய உருவத்தின் ஓரத்தை மற்றவர் வரைவார். பின்னர் வாழ்வில் பட்டதையெல்லாம் அந்த உருவத்துக்குள் வரைந்து நிரப்புவார்கள். நாங்கள் பிறிஸ்டல் போட் என்ற தடித்த தாளில் தொடங்கிப் பார்த்தோம். தூரிகையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருப்பதுபோல் கூசினார்கள். இரண்டாவது கூட்டத்திலிருந்து பழைய பருத்திச் சேலைக்கு மாறினோம். எங்கள் பெண்களில் பாதிப்பேர் வீட்டில் தையல் வேலை செய்பவர்கள்; புறக்கோட்டைக் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளும் பழைய பொத்தான்களும் அவர்களிடம் மூட்டையாகக் கிடந்தன. ஊசி கையில் வந்தவுடன் கூச்சம் போய்விட்டது. குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால், நேருக்கு நேர் சொல்லத் தயங்கிய பலவும் துணியை நோக்கிச் சொல்லப்பட்டன.

கருப்பையைத் தைக்கச் சொன்னபோது ஒருவர் அதை இரைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார், இன்னொருவர் வயிறு முழுவதையும் அடைத்துத் தைத்தார். சிறுநீர் வரும் வழியும் மாதவிடாய் வரும் வழியும் ஒன்றே என்று, மூன்று பிள்ளை பெற்றவர்களும் நினைத்திருந்தார்கள். நான் திருத்தவில்லை, எங்களோடு வந்திருந்த குடும்பநல உத்தியோகத்தர், அவர்கள் மொழியில் 'மிஸ்', ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்புப் பக்கத்தைக் காட்டி, "இதுதான் அந்தக் கழுத்து, இதில இருந்துதான் ஒரு குட்டித் தூரிகையால தடவி எடுக்கிறது" என்றார். அன்று முதல் எங்கள் துணிகளிலெல்லாம் கருப்பை ஊதா நிறத்தில் தலைகீழாகத் தொங்கத் தொடங்கியது. உடற்கூற்று ஆசிரியர்கள் முகஞ்சுளிக்கலாம். எனக்கு அதைவிட நல்ல பாடப்படம் இதுவரை கிடைக்கவில்லை.

ஒரு பெண் தம் உருவத்தின் இடது மார்பில் ஒரு கறுப்புப் பொத்தானைத் தைத்தார். என்னவென்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு, கதிரைகளை அடுக்க உதவும் சாக்கில் நின்று, அந்த இடத்தில் ஏழு மாதமாக ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பரிசோதனையில் அது புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது, மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதாம். ஆனால் ஏழு மாதம் அந்தப் பயத்தை அவர் தனியே சுமந்திருந்தார்.

மார்பகத்துக்கு எங்களுக்குக் கைகொடுத்தது தேசிக்காய். கொரின் எல்ஸ்வர்த் போமன்ட் என்ற வடிவமைப்பாளர், முட்டைப் பெட்டி ஒன்றில் 12 எலுமிச்சம்பழங்களை அடுக்கி, மார்பகப் புற்றுநோயின் 12 அடையாளங்களையும் அவற்றில் காட்டிய படம் 2017இல் உலகெங்கும் பரவியது. மார்பைக் காட்டாமலே மார்பைப் பற்றிப் பேச முடிந்ததே அதன் வெற்றி. கட்டி ஒன்றுதான் அடையாளம் என்று நினைத்திருந்தவர்கள், தோல் குழிவது, முலைக்காம்பு உள்ளிழுபடுவது, நீரோ இரத்தமோ கசிவது, தோல் தோடம்பழத் தோல்போல் தடிப்பது ஆகியவற்றைச் சந்தையில் வாங்கிய காயிலேயே தேடிப் பிடித்தார்கள். இரண்டாக வெட்டி, உள்ளே இருக்கும் விதையை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னோம்: கடினமாக, அசையாமல் இருக்கும் கட்டி ஏறக்குறைய இப்படித்தான் தட்டுப்படும். மாதவிடாய் தொடங்கி ஒரு வாரத்தின் பின் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை அதன்பிறகு எளிதாக ஏறியது.

எல்லாமே சரியாக அமைந்துவிடவில்லை. நாங்கள் போட்ட முதல் நாடகத்தில், கிளினிக்குக்குப் போகாத தாய் இறுதிக் காட்சியில் இறந்துபோனார், பின்னணியில் ஒப்பாரி. பார்த்தவர்கள் கதறி அழுதார்கள், நாங்களும் நெகிழ்ந்து போனோம், அடுத்த வாரம் கிளினிக்குக்கு ஒருவரும் வரவில்லை. பின்னர் விசாரித்தபோது, "போனா அதுதான் இருக்குன்னு சொல்லிடுவாங்களோ" என்று பயந்ததாகச் சொன்னார்கள். பரிசோதனையைச் சாவோடு முடிச்சுப் போட்டவர்கள் நாங்களே. இரண்டாவது முறை நாடகத்தை நடுவில் நிறுத்தினோம். மாமியார் மறிக்கிறார், கணவனுக்குச் சமைக்க நேரமாகிறது, ஆண் டொக்டர் இருப்பாரோ என்று மருமகள் தயங்குகிறாள். இப்போது அவள் என்ன செய்யலாம் என்று பார்வையாளரை மேடைக்கு அழைத்தோம். மாமியாராக நடிக்க முண்டியடித்தவர்கள் உண்மையான மாமிமார். அவர்களில் ஒருவர் மேடையிலேயே, "சரி, பிள்ளையை நான் பாக்குறேன், நீ போயிட்டு வா" என்று கதையை முடித்துவைத்தார்.

கும்மி அவர்களாகவே கொண்டுவந்தது. எழுதிக் கொடுத்த பாட்டை விட அவர்கள் கட்டியது நின்றது:

முப்பத்தைஞ்சு வந்ததடி – அக்கா
முகூர்த்தம் ஒன்னு பாத்தாச்சு
நாப்பத்தைஞ்சு வரும்போது – இன்னொரு
நாளும் குறிச்சு வச்சாச்சு

உலக சுகாதார நிறுவனத்தின் 2030 இலக்குகளில் ஒன்று, 70 சதவீதப் பெண்களை 35 வயதுக்குள்ளும் மீண்டும் 45 வயதுக்குள்ளும் பரிசோதிப்பது. அதை நினைவில் நிறுத்த இந்த நான்கு வரி போதும்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று கருதும் சக மருத்துவர்களுக்கு நான் நேபாளத்தின் மக்வான்பூர் ஆய்வைச் சுட்டிக்காட்டுவதுண்டு. அங்கே மருத்துவப் பயிற்சி இல்லாத உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டி, பட அட்டைகளை வைத்துப் பேறுகாலச் சிக்கல்களைப் பேசவைத்து, தீர்வையும் அவர்களையே தேடவைத்தார். 2004இல் வெளியான முடிவின்படி, அக்கிராமங்களில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் சிசுக்களின் வீதம் 30 சதவீதம் குறைந்திருந்தது. பின்னர் நான்கு நாடுகளின் ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராவது பங்குபற்றிய இடங்களிலேயே பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, கூட்டத்துக்கு வந்தவர்களைப் பார்த்து மகிழ்வதைவிட, வராதவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கேட்பதே எங்களுக்கு முக்கியமாயிற்று. நாட்கூலிக்குப் போகும் பெண்களுக்கு வாரநாள் காலைக் கிளினிக் என்பது ஒரு நாள் சம்பளம். எந்தப் பாட்டாலும் அதைத் தீர்க்க முடியாது. நாளையும் நேரத்தையும் மாற்றுவது நிருவாகத்தின் கையில் இருக்கிறது.

துணிகளைக் கண்காட்சியாக வைக்கும்படி பலர் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. கருக்கலைவையும் அடிபட்ட தழும்பையும் தைத்த துணி அதைத் தைத்தவருக்குச் சொந்தம். கைத்தொலைபேசிகளைக் கூட்டம் தொடங்குமுன் ஒரு வாளியில் போட்டுவிடுகிறோம். அடி உதை பற்றிய பேச்சு வந்தால் அதை அங்கேயே கிளறாமல், தனியே அழைத்து, உதவி கிடைக்கும் இடத்துக்கு வழிகாட்ட ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத குழு இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் கேட்டிருப்பது மாதவிடாய் நிற்கும் பருவம் பற்றி. தொண்டையைத் தடவிக் காட்டிய அந்த அம்மா, மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டால் அது நல்லதா என்று மிஸ்ஸிடம் தனியே கேட்டிருக்கிறார். உடனே காட்ட வேண்டிய அறிகுறி அது. கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, திங்கட்கிழமை காலை அவரை அழைத்துப் போவதற்குக் கும்மி கட்டிய இரண்டு பேர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள்.