பனிக்குடத்துக் குட்டிக்கு யார் சொல்லி மூச்சு வருகிறது?

மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அஞ்சு மாசம் பனிக்குடத் தண்ணிக்குள்ளயே கிடக்குற குட்டிக்கு மூச்சு முட்டாதுங்களா? கீழ விழுந்த உடனே மட்டும் யார் சொல்லி மூச்சு விடுது?"

முதல் கேள்விக்கு விடை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தமும் குட்டியின் ரத்தமும் கலக்காமல் அருகருகே ஓடுகின்றன. ஆக்சிஜன் இந்தப் பக்கம் வரும், கரியமில வாயு அந்தப் பக்கம் போகும். ஆனால் வருவது கொஞ்சம்தான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. நமக்கு அது தெரிவதுகூட இல்லை. குட்டிக்கோ, தாயின் தமனியில் 100 மி.மீ. பாதரச அளவை ஒட்டியிருக்கும் அழுத்தம், தொப்புள்கொடி வழியே வந்து சேரும்போது 30ஐ ஒட்டி நிற்கிறது. கேம்பிரிட்ஜில் ஆடுகளை வைத்து இதை ஆராய்ந்த ஜோசப் பார்கிராஃப்ட், கருவின் நிலையை எவரெஸ்ட் உச்சியோடு ஒப்பிட்டார். குறைந்த ஆக்சிஜனையும் இறுக்கிப் பிடிக்கும் தனி வகை ஹீமோகுளோபின் இருப்பதால் குட்டிக்கு அதுவே போதுகிறது.

நுரையீரல் அப்போது சுருங்கிக் கிடக்கும் வெறும் பை அல்ல. நீர் நிரம்பி விரிந்தே இருக்கிறது. அது பனிக்குட நீரும் இல்லை, நுரையீரல் தானே சுரப்பது. அந்த நீர் உள்ளிருந்து அழுத்துவதால்தான் நுரையீரல் வளர்கிறது. குட்டி அவ்வப்போது நெஞ்சை அசைத்து மூச்சு விட்டும் பழகுகிறது, காற்றே இல்லாமல்!

சரி, வேலை செய்யாத நுரையீரலுக்கு ரத்தம் எதற்கு? அதனால் குறுக்கு வழிகள் உண்டு. இதயத்தின் வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவே ஃபோரமென் ஓவேல் என்ற ஓட்டை. அதில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு போல ஒரு சவ்வு. அந்த ஓட்டையில் போகாமல் நுரையீரல் தமனிக்கு வரும் ரத்தத்தையும் பெரும்பகுதி நேரே பெருந்தமனிக்குத் திருப்பிவிடும் குழாய், டக்டஸ் ஆர்டீரியோசஸ். கல்லீரலைச் சுற்றிப்போக இன்னொன்று. அதை இங்கே விட்டுவிடுவோம். ஆட்டுக்குட்டியில் இதயம் தள்ளும் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் நுரையீரலுக்குள் போகிறது.

எனக்குத் தீராத வியப்பு அந்த டக்டஸ் ஆர்டீரியோசஸ்தான். முதல் மூச்சில் காற்று புகுந்ததும் நுரையீரலின் சிறு தமனிகள் ஆக்சிஜனைக் கண்டு தளர்ந்து விரிகின்றன. அவற்றுக்கு வெகு அருகில், அதே நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பும் இந்தக் குழாயோ, அதே ஆக்சிஜனைக் கண்டு சுருங்குகிறது! அதன் தசைச் செல்களில் ஆக்சிஜன் ஏறினால் பொட்டாசியம் வாயில்கள் மூடுகின்றன, கால்சியம் உள்ளே வருகிறது, தசை இறுகுகிறது.

இன்னும் அழகு, அந்த ஆக்சிஜன் வரும் வழி. தொப்புள்கொடி அறுந்ததும் பெருந்தமனியில் அழுத்தம் ஏறுகிறது. விரிந்த நுரையீரலில் அழுத்தம் இறங்குகிறது. உடனே குழாயில் ஓட்டம் திசை மாறி, பெருந்தமனியின் புத்தம்புது ரத்தம் அதற்குள் பின்வாக்கில் பாய்கிறது. அந்த ரத்தமே தான் வந்த வழியை அடைக்கிறது. நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தம் இடது மேலறையை நிரப்ப, ஃபோரமென் ஓவேலின் சவ்வும் அமுங்கி மூடிக்கொள்கிறது. (பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமலே இருக்கும், பலருக்குக் கடைசிவரை தெரியாது.)

அதுவரை குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். நஞ்சுக்கொடி போனதும் அதன் வரத்து நிற்கிறது. இருப்பதையும் நுரையீரல் சிதைத்துவிடுகிறது. மனிதக் குழந்தையில் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் குழாய் மூடிவிடும். இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. அவற்றைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் விழுங்கினால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அந்தக் குழாய் சுருங்கக்கூடும். மருந்துக் கடையில் "தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம், "யார் சொல்லி?" குளிர் படுவது, தாய் ஆடு நக்குவது, கொடி அறுந்து கரியமில வாயு ஏறுவது எல்லாம் சேர்ந்து மூளையைத் தூண்டுகின்றன. வைக்கோல் துரும்பால் மூக்கில் கிச்சுகிச்சு மூட்டும் பழக்கத்துக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் குட்டியைத் தலைகீழாகச் சுழற்றுவதால் நுரையீரல் நீர் கொட்டிவிடாது. அதில் பெரும்பகுதியை நுரையீரலே பிரசவ நேரத்து அட்ரினலின் தூண்டலில் உறிஞ்சிக்கொள்கிறது. மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டாலே போதும்.

இதெல்லாம் செம்மறி ஆடுகளிலிருந்து கிடைத்த அறிவு. காற்று புகுந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரிவதை ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸ் குழுவினர் 1953இல் ஆட்டுக்குட்டிகளில் அளந்தார்கள். நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ், ஆட்டுக்குப் பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தும் மூச்சு விட்டன. நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் சீக்கிரமே வந்துவிட்டது. 1972இல் ராஸ் ஹோவியோடு சேர்ந்து தாய்மார்களிடம் செய்த சோதனையில் பச்சிளம் உயிர்கள் தப்பின. "ஆட்டு வயித்துக்குள்ள என்ன நடந்தா நமக்கென்ன?" என்று கேட்டு நிதியை வெட்டியிருந்தால் இது வந்தே இருக்காது. பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது, உடனடிப் பயன் என்ன என்று மட்டும் கேட்பது எனக்குக் கிட்டப்பார்வையாகவே படுகிறது.

ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசக் குழந்தை தங்காது என்று இன்னும் சொல்கிறார்கள். தப்பு. சர்ஃபக்டன்ட் வாரத்துக்கு வாரம் கூடத்தான் செய்யும், பொதுவாக 35 வாரத்தை ஒட்டிப் போதுமான அளவை எட்டும். எட்டாம் மாசக் குழந்தைக்கு ஏழாம் மாசக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம். 34 வாரத்துக்கு முன்பே வலி வந்தால் ஜோசியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தாய்க்குப் போடுவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு தடவை. முதல் ஊசி எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு நல்லது.