'இன்டர்டிசிப்ளினரி': பல்துறையா, இடைத்துறையா, துறையிடையா?

ஆய்வு மாநாட்டு அழைப்பிதழ், பல்கலைக்கழக அறிவிப்பு, புதுப் படிப்பின் விளம்பரம் என்று எதை எடுத்தாலும் இப்போது 'இன்டர்டிசிப்ளினரி' வந்துவிடுகிறது. வெவ்வேறு பாடத்துறைகள் ஒன்றோடொன்று கொடுத்து வாங்கிச் செய்யும் ஆய்வையும் கல்வியையும் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. அதையே தமிழில் எழுதும்போது ஒருவர் 'பல்துறை' என்கிறார், இன்னொருவர் 'இடைத்துறை' என்கிறார், மூன்றாமவர் 'இடைநிலை ஆய்வு' என்று போட்டுவிட்டுப் போகிறார். என் கருத்தில் இந்த மூன்றுமே பொருந்தவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் சொல்லின் மூலத்தைப் பார்த்துவிடலாம்.

லத்தீனில் 'டிஸ்கெரே' என்றால் கற்றல். கற்பவன் 'டிஸ்கிபுலுஸ்', அவன் பெறும் பயிற்சி 'டிஸ்கிப்ளினா'. படைவீரர்களின் கட்டுப்பாட்டையும் ரோமானியர்கள் இதே சொல்லால் குறித்தார்கள். பள்ளிக்கூடத்தில் டிசிப்ளின் என்றால் ஒழுங்கு, பல்கலைக்கழகத்தில் டிசிப்ளின் என்றால் பாடத்துறை என்று ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பது இதனால்தான். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இன்டர்' என்பதற்கு 'இடையே' என்று பொருள்.

இரண்டையும் சேர்த்த சொல் ரொம்பப் பழையது அல்ல. அமெரிக்காவில் 1923இல் தொடங்கிய சமூக அறிவியல் ஆய்வு மன்றம், பொருளியல், உளவியல், மானிடவியல் என்று தனித்தனியாக இருந்தவர்களை ஒரே சிக்கலுக்கு முன்னால் உட்காரவைக்க முயன்றது. அந்த வட்டாரத்தில் புழங்கத் தொடங்கி 1930களில் அச்சில் ஏறிய சொல் இது. 1970இல் பிரான்ஸின் நீஸ் நகரில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்திய கருத்தரங்கில்தான் இதன் உறவுச் சொற்களைப் பிரித்து வைத்துப் பேசினார்கள். மல்ட்டி (பல), இன்டர் (இடையே), ட்ரான்ஸ் (கடந்து) என்ற மூன்று முன்னொட்டுகளும் அப்போதிலிருந்து ஒன்றாகவே நடமாடுகின்றன. மூன்றாவதைப் பற்றி அங்கே பேசியவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே.

இனி நம் பக்கம் வருவோம். 'துறை' என்பதன் முதல் பொருள் நீரில் இறங்கும் இடம். படித்துறை, துறைமுகம், மயிலாடுதுறை, ஆடுதுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை எல்லாவற்றிலும் இருப்பது அந்தத் துறைதான். இலக்கணத்தில் திணையின் உட்பிரிவுக்கும் துறை என்றே பெயர். அங்கிருந்து அறிவின் பிரிவு, அரசு அலுவலகத்தின் பிரிவு என்று பொருள் விரிந்தது. ஒரு கலையை முழுக்கக் கற்றுத் தேர்வதற்குத் 'துறைபோதல்' என்று ஓர் அருமையான வினையும் உண்டு. மணிமேகலையில் மாதவியைக் 'கற்றுத்துறை போகிய' நங்கை என்று சொல்லும் இடத்தில், கூத்து, பாட்டு, யாழ், குழல், தண்ணுமை தொடங்கிச் சமையல் நூல் வரை அவள் கற்றவற்றின் பட்டியல் நீளமாக வரும்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், துறை என்ற சொல்லுக்குள் ஆறும் இருக்கிறது. துறை என்பது ஆற்றில் இறங்க ஓர் இடம், அவ்வளவுதான். இந்தத் துறையில் இறங்கினாலும் அடுத்த துறையில் இறங்கினாலும் தண்ணீர் ஒன்றே. லத்தீன் சொல்லில் இந்த வசதி கிடையாது.

சரி, 'இன்டர்' என்பதற்கு எதைப் போடுவது? 'இடை'யை முன்னால் வைத்தால் அது நடுவில் இருக்கும் ஒரு பொருளைக் காட்டும். இடைத்தேர்தல், இடைவேளை, இடைக்காலம் எல்லாம் அப்படித்தான். ஆகவே 'இடைத்துறை' என்றால் இரண்டு துறைகளுக்கு நடுவே மூன்றாவதாக இன்னொரு துறை என்றுதான் காதில் விழும். 'இடைநிலை' அதைவிட மோசம். இடைநிலை ஆசிரியர், இடைநிலைக் கல்வி என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'இடை'யைப் பின்னால் வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும்: துறையிடை ஆய்வு, துறையிடைக் கல்வி. பேச்சிலோ செய்தியிலோ இது இறுக்கமாகப் பட்டால் 'துறைகளுக்கிடையிலான' என்று நீட்டிச் சொல்லலாம், தவறில்லை. பண்புப்பெயர் வேண்டுமென்றால் 'துறையிடைமை'.

'பல்துறை' நல்ல சொல்தான், ஆனால் அது மல்ட்டிடிசிப்ளினரிக்கு உரியது. (பழைய புணர்ச்சி விதிப்படி பல்லும் துளியும் சேர்ந்து பஃறுளி ஆனதுபோல இது 'பஃறுறை' ஆகியிருக்க வேண்டும். இன்று அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது, பல்துறை என்றே இருக்கட்டும்.) ட்ரான்ஸ்டிசிப்ளினரிக்குத் 'துறைகடந்த' என்பது சரியாகப் பொருந்துகிறது. துறைகளின் எல்லையை விட்டுவிட்டு, விவசாயி, மீனவர், நோயாளி என்று ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களின் அறிவையும் சேர்த்துக்கொள்ளும் ஆய்வையே இன்று பெரும்பாலும் அப்படிக் குறிக்கிறார்கள்.

பல்துறைக்கும் துறையிடைக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது சென்னையில் நடந்த ஒரு வேலையை. 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வருகிறார், வயது முப்பது. படிகங்களின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறும் விதத்தைக் கொண்டு அணுக்களின் அடுக்கைக் கணிப்பது அவருடைய தொழில். அங்கே வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்கிறார். கொலாஜனுக்கு எங்கே போவது? கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் எல்லாவற்றுக்கும் வலுக்கொடுப்பது கொலாஜன்தான், தோல் பதனிடுவது என்பதே அந்தப் புரதம் அழுகாமல் பார்த்துக்கொள்ளும் வேதியியல். மாதிரி அங்கிருந்து கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில், கொலாஜன் என்பது மூன்று சுருள் இழைகள் என்று 1954இலும், அவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டவை என்று 1955இலும் எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இயற்பியலாளர் எக்ஸ் கதிர்ப் படத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பது. புரத இழை என்பது அமினோ அமிலங்கள் என்ற கண்ணிகளால் ஆன சங்கிலி. கொலாஜனில் அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்று வேதியியல் பகுப்பாய்வு சொன்னது. மூன்று இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே சின்னதான கிளைசினுக்குத்தான் அங்கே இடம் இருக்கும். அப்படியென்றால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வர வேண்டும். வேதியியலின் ஓர் எண் இயற்பியலின் வடிவத்தைத் திருத்துகிறது, அந்த வடிவம் திரும்பி வந்து எண்ணுக்குக் காரணம் சொல்கிறது. துறையிடை என்றால் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வந்தது. அதுவும் இந்த வேலையின் தொடர்ச்சியே.

தொல்லியலில் இரண்டு வகையும் அக்கம்பக்கத்தில் நடக்கும். கீழடியில் எடுத்த கரிம மாதிரிகள் காலக்கணிப்புக்கு அமெரிக்காவின் மயாமிக்குப் போயின, எலும்புகள் புனேயின் டெக்கான் கல்லூரிக்குப் போயின, பானை ஓடுகள் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரிக்குப் பொ.ஆ.மு. 580 என்று காலம் வந்ததாக 2019இல் வெளியான தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை சொன்னது. இப்படி ஒவ்வோர் ஆய்வகமும் தன் முடிவைத் தனியாகக் கொடுக்கும் அளவில் அது பல்துறை. திமிலுள்ள மாட்டின் எலும்பையும், பானையின் மண்ணையும், கரியின் காலத்தையும் ஒன்றாக வைத்து 'இங்கே இருந்தவர்கள் உழுதார்களா, மேய்த்தார்களா, விற்றார்களா' என்று ஒரே கேள்வி கேட்டு, அந்தக் கேள்விக்காகவே அடுத்த குழியை எங்கே தோண்டுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் அது துறையிடை. எனக்கு இரண்டாவதன் மேல்தான் ஆசை அதிகம், ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது.

கல்வியிலும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை திரும்பத் திரும்பச் சொல்வது மல்ட்டிடிசிப்ளினரி என்பதை. அதைத் தமிழில் பல்துறை என்பது சரி. இயற்பியல் படிக்கும் மாணவி கூடவே இசையில் ஒரு தாள் எடுத்தால் அது பல்துறைக் கல்வி, அதற்கும் மதிப்பு உண்டு. துறையிடைக் கல்விக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இசையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சரில் எழுதியது மிருதங்கம், தபலா போன்ற தாளவாத்தியங்களைப் பற்றி. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படைச் சுரத்துக்கு மேலே கூடவே எழும் மேல்சுரங்கள் அதோடு சேராது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் பூசும், 'சோறு' எனப்படும் கருப்புப் பசை அந்த இடத்தில் எடையைக் கூட்டி, மேல்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிவது இதனால்தான். சோறு போடும் கைவினைஞரையும் அலைவெண் அளக்கும் கருவியையும் ஒரே வகுப்பறைக்குக் கொண்டுவந்து, தோலில் அடுக்கடுக்காகச் சோறு ஏற ஏற ஒலி எப்படி மாறுகிறது என்று அந்த மாணவியையே அளக்கச் சொன்னால், அந்தப் பாடத்துக்குத் துறையிடை என்ற பெயரைத் தாராளமாக வைக்கலாம்.