மாறுதலாகிப் போனவர் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டார், பாஸ்வேர்டை?

இரண்டு வருடங்களுக்கு முன் செட்டிநாட்டுப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பாதுகாப்புத் தணிக்கைக்காக உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய கிளவுட் கணக்கின், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த சர்வரும் சேமிப்பிடமும் உள்ள கணக்கின், தலைமை நிர்வாகியாக உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். பயனர் பெயர் போட்டாயிற்று, பாஸ்வேர்டு போட்டாயிற்று. ஓடிபி கேட்டது. கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த தங்கை போனை எடுத்தார்.

"சார், வணக்கம் சார். ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் இருந்தவர் ஆறு எண்களைச் சொன்னார். யார் என்று கேட்டேன். "முன்னாடி இங்க இருந்த சார். மாறுதலாகிப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அவர் நம்பரைத்தான் அப்பக் கொடுத்தது, அப்படியே இருக்கு" என்றார்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுத்து எண் சொல்லும் அந்த அதிகாரி நல்ல மனிதர். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஆவணங்கள் வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவருடைய செல்போன் எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவர் அந்த சிம்மை விட்டுவிட்டால், அதே எண் சில மாதங்களில் வேறு யாருக்கோ போய்விடும். ஓடிபியும் கூடவே போகும்.

காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டார அலுவலகங்களுக்குத் தகவல் பாதுகாப்புப் பணி செய்து வருகிறேன். போகிற இடமெல்லாம் கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டாச்சு, இனி பயமில்ல." இந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 'மேக்ராஜ்' திட்டத்தின்கீழ், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அங்கீகரித்த கிளவுட் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதே அமைச்சகத்தின் தரப் பரிசோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி நடத்தும் தணிக்கையில் தேறியவை அவை. அங்கீகாரம் பெற்ற சேவைகளில் அரசுத் தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டடம், காவல், மின்சாரம், சர்வர், வட்டு எல்லாவற்றையும் அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அலுவலக மாடியில் புழுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு மேல்.

ஆனால் அந்த நிறுவனத்தின் பொறுப்பு அங்கேயே முடிகிறது. யாருக்குக் கணக்கு, யாருக்கு என்ன உரிமை, எந்த ஃபோல்டர் திறந்திருக்கிறது, பேக்கப் எங்கே, இதெல்லாம் நம் பொறுப்பு. பயிற்சி வகுப்பில் இதைப் பகிர்ந்த பொறுப்பு என்று சொன்னால் முகங்கள் வாடிவிடும். நம் ஊர் வீட்டைச் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. முகப்பும் வளவும் (நடு முற்றமும்) பொது. வெளிக்கதவை, கூரையை, சுவரை எல்லாரும் சேர்ந்து பராமரிப்பார்கள். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொரு பங்காளி குடும்பத்துக்கும் தனித்தனி. அந்த அறையின் பூட்டும் சாவியும் அந்தக் குடும்பத்துடையவை. அறையைத் திறந்து போட்டுவிட்டு வெளிக்கதவு தேக்கு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பங்காளி என்று சொன்னதும் இன்னொன்று வருகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தரவுப் பாதுகாப்பு என்றால் எல்லாரும் கசிவை மட்டும் நினைக்கிறார்கள். நம் பகுதியில் ஒரே வீட்டுக்கு இருபது, முப்பது பங்குதாரர்கள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் கோலாலம்பூரில். வருடத்துக்கு ஒருமுறை பூட்டைத் திறந்து பார்க்கும் வீடுகள் எத்தனையோ. இவர்களுக்குத் தங்கள் பங்கு இன்னும் தங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் பட்டாவும் வில்லங்கச் சான்றும். அந்தப் பதிவில் யாரோ ஒருவர் ஒரு பெயரை மாற்றினால், ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவைத் திருத்தினால், எந்தச் சத்தமும் வராது. கசிந்தால் செய்தியாகும். திருத்தினால், வீட்டை விற்கவோ பாகம் பிரிக்கவோ வரும் நாளில்தான் தெரியும். அதற்குள் பத்து வருடம் ஓடியிருக்கலாம்.

அதனால்தான் ஒரே பாஸ்வேர்டை ஏழு பேர் பகிர்ந்துகொள்வதை நான் இவ்வளவு எதிர்க்கிறேன். திருத்தம் நடந்தால் 'அட்மின் திருத்தினார்' என்று மட்டுமே பதிவில் இருக்கும். அந்த ஏழு பேரில் யார்? நேர்மையாக வேலை பார்த்த ஆறு பேர் மீதும் சந்தேகம் விழும். ஆளுக்கொரு கணக்கு கொடுப்பது ஊழியர்மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. அது அவர்களுக்கே பாதுகாப்பு. அப்புறம், பதிவு செய்பவருக்கு அழிக்கும் உரிமை தேவையில்லை. சரிபார்ப்பவருக்குப் புதிதாக நுழைக்கும் உரிமை தேவையில்லை. யாருக்கு எது வேலையோ அதற்கு மட்டும் அனுமதி.

யார், எப்போது, என்ன செய்தார் என்று சொல்லும் லாக் பதிவுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லவேண்டும். சைபர் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில் 180 நாள் லாக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது. இது அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும். ஆனால் பெரிய கிளவுட் தளங்களில், நாம் எதையும் மாற்றாமல் விட்டால், நிர்வாகச் செயல்களின் பதிவு 90 நாள்தான் தங்கும். அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸிலும் மைக்ரோசாஃப்டின் அஷ்யூரிலும் இதுதான் நிலை. தனியாக ஒரு சேமிப்பிடம் அமைத்து அங்கே அனுப்பச் சொன்னால்தான் நீடிக்கும். அரை மணி நேர வேலை. நான் பார்த்த அலுவலகங்களில் பெரும்பாலானவை அதைச் செய்திருக்கவில்லை, காரணம் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. அவை குறைந்தது ஓராண்டுக்கு லாக்குகளை வைக்கச் சொல்கின்றன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. அந்த அவகாசம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

பேக்கப்புக்கு வருவோம். தென்கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகள் பாதிக்கப்பட்டன. அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வைத்த 'ஜி-டிரைவ்' முழுவதும் எரிந்தது. 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்தில் பேக்கப் இல்லை. தொழில்நுட்பத்தில் நமக்கெல்லாம் முன்னால் நிற்கும் நாடு அது.

என் அனுபவம் இவ்வளவு பெரியதல்ல, ஆனால் பயம் அதேதான். ஓர் அலுவலகத்தில் தினமும் இரவு இரண்டு மணிக்குப் பேக்கப் ஓடும். காலையில் 'வெற்றி' என்று மெயில் வரும். அச்செடுத்துக் கோப்பில் சேர்த்துவைத்திருந்தார்கள், தேதி வாரியாக, அழகாக. ஒன்றைத் திரும்ப எடுத்துக் காட்டுங்கள் என்றேன். எடுத்தோம். காலி ஃபோல்டர். எட்டு மாதத்துக்கு முன் தரவுத்தளத்தை வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் மட்டும் பழைய இடத்தையே ஒவ்வொரு இரவும் பத்திரமாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. அன்று அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் பேக்கப் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்றுதான் கேட்கிறேன். மூன்று நகல், இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். அந்த ஒன்றை, பிரதான கணக்கின் நிர்வாகி நினைத்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு அழிக்க முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் உள்ளே வந்தால் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தபோது பல நாள் காகிதத்தில் எழுதித்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள்.

திறந்து கிடக்கும் ஃபோல்டர்கள் பற்றிச் சுருக்கமாக. களப்பணியில் எடுத்த படங்களை எல்லாரும் பார்க்கட்டும் என்று யாராவது 'பப்ளிக்' என்று மாற்றுவார்கள். அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல்களும் கிடக்கும். இணைப்புக்கு ஒரு காலாவதி நேரம் வைத்துப் பகிரும் வசதி பெரிய கிளவுட் தளங்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஆதார் நகல் தேவைப்பட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலை வாங்குங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதே 2022 உத்தரவு. கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-4949. பயத்தில் முதலில் சிஸ்டத்தை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள், அதோடு தடயமும் போய்விடுகிறது. நெட் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டு, போனை எடுங்கள். தவறை முதலில் சொல்லும் ஊழியரைத் திட்டாத அதிகாரி இருக்கும் அலுவலகத்தில்தான் இது நடக்கும். உயர் அதிகாரிகள் இதை மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஓடிபி அலுவலகத்துக்குத் திரும்புகிறேன். தணிக்கை முடிவில் அங்கிருந்த கண்காணிப்பாளரிடம், நீங்கள் பொறுப்பு ஒப்படைக்கும்போது என்னென்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் மனப்பாடமாகச் சொன்னார்: பீரோ சாவி, இருப்புப் பதிவேடு, ரப்பர் ஸ்டாம்ப், நிலுவைக் கோப்புகளின் பட்டியல், இரு தரப்புக் கையெழுத்து. அரசு அலுவலகத்துக்கு இந்த ஒழுக்கம் புதிதே அல்ல. கருவூலத்தில் முத்திரைத்தாளை இரட்டைப் பூட்டில் வைத்து, இரண்டு சாவியை இரண்டு பேரிடம் கொடுத்த பரம்பரை இது. தலைமை நிர்வாகிக் கணக்குக்கும் அதையே செய்யலாம் என்றேன். தனிநபர் செல்போனுக்குப் பதில் இரண்டு வன்பொருள் பாதுகாப்புச் சாவிகள், அதாவது கணினியில் செருகினால்தான் உள்ளே விடும் சிறு கருவிகள். ஒன்று அலுவலக இரும்புப் பெட்டியில் முத்திரையிட்ட உறையில், இன்னொன்று மேலதிகாரியிடம். எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்து.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கண்காணிப்பாளர் ஓய்வு பெறும் வாரம். ஒப்படைப்புப் பட்டியலைக் காட்டினார். இருப்புப் பதிவேட்டுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் நடுவே, நீல மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'கிளவுட் கணக்கு நீக்கப்பட்டது. பாதுகாப்புச் சாவி 1, உறையுடன்.' எதிரே, அந்த ஆபரேட்டர் தங்கையின் சாட்சிக் கையெழுத்து.