வண்டி நின்றாலும் உடல் நிற்பதில்லை: பின்சீட்டு பெல்ட்டும் நியூட்டனின் விதிகளும்

கார் விபத்தில் சிக்கியவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரும்போதே, ஒரு கால் குட்டையாகி, மடங்கி, உள்பக்கமாகத் திரும்பியிருந்தால், எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே எலும்பு மருத்துவருக்குப் பெரும்பாலும் விஷயம் புரிந்துவிடும். உட்கார்ந்த நிலையில் முழங்கால் எதன்மீதோ பலமாக மோத, அந்த விசை தொடை எலும்பின் வழியாகப் பின்னோக்கிச் சென்று, இடுப்பு மூட்டின் பந்தைக் கிண்ணத்திலிருந்து பின்புறமாக வெளியே தள்ளியிருக்கிறது. இதை ‘டேஷ்போர்டு காயம்’ என்போம். முன்சீட்டின் முதுகுப்புறத்தில் முழங்கால் மோதுவதால், பின்சீட்டில் இருந்தவர்களுக்கும் இது நேரலாம். உடனே மூட்டைப் பழைய இடத்தில் பொருத்தாவிட்டால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அது பின்னாளில் சிதைந்துபோகக்கூடும் என்பதால், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

“வண்டிக்கு முன்பக்கம் மட்டும்தானே நசுங்கியது டாக்டர், பின்னால் உட்கார்ந்தவருக்கு எப்படி இப்படி ஆனது?” என்று உறவினர்கள் கேட்பார்கள். அதற்கான விடை, தமிழகப் பாடநூலில் பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகான இயக்க விதிகளிலேயே இருக்கிறது. புறவிசை ஒன்று செயல்படாதவரை, இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும் என்கிறது முதல் விதி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கார் செல்கிறது என்றால் அதனுள் இருப்பவரும் அதே வேகத்தில்தான் சென்றுகொண்டிருக்கிறார். சுவரில் மோதும்போது சுவரின் விசை காரை நிறுத்துகிறதே ஒழிய, அவரை நிறுத்துவதில்லை. அவரை நிறுத்த வேறொன்று வேண்டும். அது பெல்ட்டாக இருக்கலாம், முன்சீட்டாக இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம். உடல் நின்ற பிறகும் உள்ளுறுப்புகள் நகர்ந்துகொண்டிருக்கும் என்பதால்தான், வெளியே பெரிய காயம் எதுவும் தெரியாத நிலையிலும் மார்புக்குள் பெருந்தமனி கிழிந்திருக்கக்கூடும். அதன் வளைந்த மேற்பகுதி சற்றே அசையக்கூடியது, முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பகுதியோ பிடிப்புடன் இருப்பது.

இனி இரண்டாம் விதி. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. வேகம் ஒன்றே என்றாலும், எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து விசை மாறிவிடும். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் இது. காரின் முன்பகுதி நசுங்கும் தூரமும் பெல்ட் சற்றே இழுபடும் தூரமும் சேர்ந்து 60 செ.மீ. என்று கொண்டால், 70 கிலோ நிறையுள்ளவர்மீது செயல்படும் சராசரி விசை ஒரு டன் எடையைவிடச் சற்று அதிகம். பெரிய விசைதான், ஆனால் மார்பெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவி விழுவதால் உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. பெல்ட் இல்லாமல் கெட்டியான ஒரு பரப்பில் மோதி 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றாலோ, அதே கணக்கு ஏறத்தாழ 14 டன்னைக் காட்டுகிறது.

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பயணிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அதே மோதலில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் விசை 160 கிலோ எடைக்கும் மேல். அதுவும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குள். “நான் இறுகப் பிடித்துக்கொள்வேன்” என்று சொல்லும் தாயின் பாசத்தில் குறையில்லை, எந்தக் கைக்கும் அந்த வலிமை கிடையாது. தாயும் பெல்ட் அணியாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: முன்சீட்டுக்கும் தாயின் உடலுக்கும் நடுவே குழந்தை நசுங்கும்.

மூன்றாம் விதி, பெல்ட் அணிந்தவரையும் விட்டுவைப்பதில்லை. பின்னாலிருப்பவர் முன்சீட்டின்மீது மோதும்போது, சீட்டு அவர்மீது செலுத்தும் அதே அளவு விசையை அவரும் சீட்டின்மீது செலுத்துகிறார். சீட்டுக்கும் தன் பெல்ட்டுக்கும் இடையில் சிக்குபவர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் கார் மோதியதில், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உட்பட இருவர் உயிரிழந்தனர். இருவரும் பின்சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தனர். அதன் பிறகு சில மாதங்கள் பின்சீட்டு பெல்ட்டைப் பற்றி எல்லோரும் பேசினோம். பெல்ட் அணியாததற்கு 1,000 ரூபாய் அபராதம் என்பது 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ கட்டாயம் என்பதும் அதே சட்டத்தில்தான். எச்சரிக்கை ஒலியை ஏமாற்ற வெறும் கிளிப்பை வாங்கிச் செருகிவைப்பவர்கள், ஒலியை மட்டுமல்லாமல் ஏர்பேக்கையும் சேர்த்தே வீணாக்குகிறார்கள். பெல்ட் உடலைப் பின்னே பிடித்திருக்கும் என்ற கணக்கில்தான் ஏர்பேக் விரிகிறது. முன்னால் சரிந்துவிட்டவரின் முகத்தில் அதுவே பேரடியாக விழும்.

அணிவதிலும் முறை உண்டு. கீழ்ப்பட்டை வயிற்றின்மீது அல்ல, இடுப்பெலும்பின்மீது தாழ்வாகப் படிய வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவே செல்ல வேண்டும், கைக்கு அடியில் அல்ல. கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே கொண்டுசெல்ல வேண்டும். விபத்துக்குப் பின் வயிற்றின் குறுக்கே பெல்ட்டின் தடம் கன்றிப்போய்த் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் குடல் காயம் இருக்கிறதா என்று பரிசோதித்தே ஆக வேண்டும். கடும் மோதலைத் தாங்கிய பெல்ட்டின் இழைகள் இழுபட்டிருக்கும், அதை இறுக்கும் கருவியும் ஒருமுறைதான் வேலை செய்யும். ஆகவே காரைப் பழுதுபார்க்கும்போது பெல்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் பின்சீட்டு பெல்ட்டுகளையும் முழுநீளத்துக்கு வெளியே இழுத்து, நூல் பிரிந்திருக்கிறதா, வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.