கேமரா இருக்கிறது, கை எங்கே?

"நம் வீட்டுப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தால் வேலை வெட்டி இல்லையா என்று திட்டுகிறோம். கோடிக்கணக்கான டாலர் செலவழித்து செவ்வாய்க்கு அனுப்பிய ரோவரும் அங்கே போய் அதைத்தான் செய்கிறது. அதை யார் திட்டுவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியராம். கூடவே ஒரு துணைக் கேள்வி: "செல்ஃபி என்றால் நீட்டிய கையாவது குச்சியாவது தெரிய வேண்டும். அந்தப் படங்களில் இரண்டும் இல்லை. எதிரே நின்று எடுத்தது யார்?"

முதல் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். இரண்டாவதுதான் எனக்கு அல்வா. செவ்வாய்ப் படமெல்லாம் ஏதோ பாலைவனத்தில் ஆள் வைத்து எடுத்தது என்று சொல்லித் திரிகிறவர்கள் பிடித்துத் தொங்குவதும் இதைத்தான். கேட்பது தப்பில்லை, நியாயமான கேள்வி. பதிலைத் தேடாமல் கேள்வியோடு நின்றுவிடுவதுதான் வருத்தம், ஏனென்றால் பதில் அவ்வளவு அழகு.

நாசாவின் கியூரியாசிட்டி ரோவர், அதாவது ஆளில்லாமல் ஓடும் ஆய்வு வண்டி, 2012 ஆகஸ்டில் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கியது. அதன் முன்பக்கத்தில் சுமார் இரண்டு மீட்டர் நீளத்தில் ஓர் இயந்திரக் கை. கையின் நுனியில் துளைபோடும் கருவி, தூரிகை இவற்றோடு மாலி (MAHLI, Mars Hand Lens Imager) என்ற சின்னக் கேமராவும் உண்டு. பெயரிலேயே கைலென்ஸ் இருக்கிறது. புவியியல் படித்தவர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்களே, அதன் வேலைதான் இதற்கும். பாறையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்கி, மணல் மணியாகப் படம் எடுக்கும். அவ்வளவு கிட்டே குவியும் லென்ஸை வெகு தூரத்துக்கும் குவிக்க முடியும்படி செய்திருந்தார்கள். வெறும் 2 மெகாபிக்சல்தான், இன்று யாரும் அப்படிப்பட்ட போனை வாங்க மாட்டார்கள்.

செல்ஃபிக்கென்று தனிக் கேமரா போகவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பாறை பார்க்கப் போன கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் அப்படித் திருப்பியதும் ஒரு சிக்கல் வருகிறது. மாலியின் பார்வை குறுகலானது. இரண்டு மீட்டர் கையை நீட்டிப் பிடித்தாலும், கார் அளவு இருக்கும் ரோவரில் ஒரு சக்கரமும் கொஞ்சம் தரையும்தான் ஒரு படத்துக்குள் அடங்கும். அதனால் துண்டு துண்டாக எடுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது. 2012 அக்டோபர் 31 அன்று ராக்நெஸ்ட் என்ற மணல் திட்டில் எடுத்த முதல் முழு செல்ஃபி 55 படங்களின் ஒட்டு. மண்ணை அள்ளிச் சோதித்த நான்கு தடங்கள்கூட ரோவருக்கு முன்னால் அதில் தெரியும்.

போனில் பனோரமா எடுத்தவர்களுக்கு ஒட்டுவதில் என்ன தகராறு வரும் என்று தெரியும். பக்கத்தில் நின்ற மாமாவுக்கு மூன்று கால் முளைக்கும், மேசை பாதியில் ஒடிந்து நிற்கும். தூரத்து மலை மட்டும் ஒழுங்காக இருக்கும். காரணம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் படித்த இடமாறு தோற்றம்தான். கட்டைவிரலை முகத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் தாவும், சுவர் தாவாது. கேமரா இருக்கும் இடம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கிட்ட இருக்கும் பொருள் பின்னணிக்கு எதிராக இடம் மாறிவிடும், அப்புறம் இரண்டு படத்தை ஒட்டினால் பொருந்தாது. ரோவர் எடுப்பதோ தன் உடம்பை. கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் பொருள் அதுதான்.

அப்படியானால் கேமரா நகரக் கூடாது, திரும்ப மட்டும் வேண்டும். லென்ஸின் ஒளி நுழையும் புள்ளி ஒரே இடத்தில் நிற்க, அதைச் சுற்றிக் கேமரா இடம், வலம், மேல், கீழ் எனப் பார்க்க வேண்டும். முக்காலியில் பொருத்தியிருந்தால் இது சுலபம். இங்கே கேமரா தொங்குவது ஒரு கையின் நுனியில், அதுவும் எந்த மூட்டின் அச்சிலும் சரியாக உட்காராமல். மணிக்கட்டைத் திருப்பினால் கேமரா திரும்பும், கூடவே விலகியும் போகும். அந்த விலகலை ஈடுகட்ட முழங்கை மடங்க வேண்டும், முழங்கை மடங்கினால் தோள் சுழல வேண்டும். கியூரியாசிட்டியின் கையில் மூட்டு அசைவுகள் மொத்தம் ஐந்து: தோளில் இரண்டு, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, நுனியில் கருவிகளைச் சுழற்றும் தலையில் ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் இந்த ஐந்தும் சேர்ந்து புதிதாக ஒரு தோரணை போடும். கரகாட்டக்காரர் உடம்பு முழுக்க ஆடும், தலையில் கரகம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கரகத்தின் இடத்தில் கேமராவை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கை எப்படி மறைகிறது என்பதற்கு வருவோம். யாரும் அதை அழிக்கவில்லை. கேமரா ஒரே இடத்தில் நிற்க, அதைப் பிடித்திருக்கும் கை படத்துக்குப் படம் வேறு நிலையில் மடங்கியிருக்கிறது அல்லவா? முன்கை பெரும்பாலும் கேமராவின் பக்கவாட்டிலோ பின்னாலோ போய்விடுகிறது. இடது சக்கரத்தை எடுக்கும்போது கையின் ஒரு துண்டு படத்தின் மூலையில் விழுந்தால், பக்கத்துப் படத்தை எடுக்கும்போது கை வேறு எங்கோ இருக்கும், அதே மூலை சுத்தமாகத் தெரியும். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஓரளவு படியும்படி எடுக்கப்படுவதால், ஒரே இடத்துக்கு இரண்டு, மூன்று படங்கள் கையில் இருக்கும். தைப்பவர் கை விழாத பகுதியை எடுத்துக்கொள்கிறார். நம்பாதவர்கள் கூர்ந்து பார்க்கலாம்: தோள் மூட்டு ரோவரின் முன்னால் இருக்கும், அதிலிருந்து கிளம்பும் கை சட்டென்று நின்றுபோயிருக்கும். நிழலை இப்படி ஏமாற்றுவது கஷ்டம். சில செல்ஃபிகளில் தரையில் கையின் நிழல் சம்பந்தமில்லாத துண்டுகளாகக் கிடக்கும். அந்த நிழல் துண்டுகளைத் தேடுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. தைக்காத மூலப் படங்களை நாசா பொதுவில் வைத்திருக்கிறது, பொறுமை இருப்பவர்கள் தாங்களே தைத்தும் பார்க்கலாம்.

இதையெல்லாம் செவ்வாயில் நேரடியாக இயக்க முடியாது. சிக்னல் ஒருவழி போகவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். "கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கை பாறையில் இடித்திருக்கும். அதனால் எல்லா அசைவும் முன்கூட்டியே எழுதி, பூமியில் இருக்கும் அதே மாதிரி ரோவரில் ஒத்திகை பார்த்து, மொத்தமாக அனுப்பப்படும். பெர்சிவியரன்ஸ் ரோவர் 2021 ஏப்ரல் 6 அன்று இன்ஜெனுவிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டருடன் எடுத்த செல்ஃபியில் 62 படங்கள். கட்டளைகளைத் திட்டமிட ஒரு டஜன் பேருக்குச் சுமார் ஒரு வாரம், எடுத்து முடிக்க ஒரு மணி நேரம். அப்போது கையின் மோட்டார்கள் முனகுவதை ரோவரின் மைக் பதிவுசெய்திருக்கிறது. அதே தடவையில் ரோவரின் 'தலை' ஹெலிகாப்டரைப் பார்ப்பதுபோல் ஒன்று, கேமராவைப் பார்ப்பதுபோல் ஒன்று என இரண்டு எடுத்தார்கள். இந்த இரண்டாவதுக்கு அறிவியல் காரணம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. அது சுத்தமான பந்தா, எனக்கு ரொம்பப் பிடித்த பந்தா.

கிட்ட இருப்பது பெரிதாகும் இந்த வடிவியல் நம் முகத்திலும் விளையாடுகிறது. போனை 30 சென்டிமீட்டரில் பிடித்தால் மூக்கு நுனிக்கு 30, காதுகளுக்குச் சுமார் 42 சென்டிமீட்டர். அதாவது காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று யாராவது எடுத்தால் 162-ஐ 150-ஆல் வகுத்தால் போதும், 1.08 மடங்குதான். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 30 சதவீதம், ஆசிரியர் ஐயா சரிபார்த்துக்கொள்ளலாம். 2018-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் முகத்தின் மாதிரியை வைத்துக் கணக்கிட்டபோது மூக்கின் அடிப்பகுதிக்கு அவர்களுக்குக் கிடைத்ததும் சுமார் 30 சதவீதம்தான். அதற்கு முந்தைய ஆண்டு அந்நாட்டு முக அறுவை நிபுணர்களின் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், செல்ஃபியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வருகிறவர்களைப் பார்த்ததாக 55 சதவீத மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். கோளாறு தூரத்தில் இருக்க, கத்தி மூக்கில் விழுகிறது. இந்த வகை செல்ஃபியைப் பற்றி ஐயா கோபப்பட்டால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

சரி, முதல் கேள்வி. ரோவர் செல்ஃபிக்குப் பயன் உண்டா?

உண்டு. ஒரு வண்டியை ஊர்ப் பட்டறையில் விட்டால் மெக்கானிக் முதலில் சுற்றிவந்து பார்ப்பார். செவ்வாயில் சுற்றிவர ஆள் கிடையாது. கியூரியாசிட்டியின் சக்கரங்கள் அலுமினியம், அரை மீட்டர் விட்டம், மேல்தோல் முக்கால் மில்லிமீட்டர் தடிமன்தான். 2013-இல் அவற்றில் ஓட்டைகள் விழுவது தெரிந்தது, எதிர்பார்த்ததைவிட வேகமாக. அதிலிருந்து அதே மாலி கேமரா வழக்கமாகச் சக்கரங்களைப் பார்த்துவருகிறது. கூர்மையான பாறைகளைத் தவிர்த்து வழி தேர்ந்தார்கள், 2017-இல் சக்கரங்களின் வேகத்தை நிலத்துக்கேற்ப மாற்றும் மென்பொருளை அனுப்பினார்கள்.

சூரிய ஒளியில் ஓடிய இயந்திரங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆப்பர்சூனிட்டி ரோவர் 2014 ஜனவரியில் எடுத்த தற்படத்தில் சூரியத் தகடுகள் முழுக்கப் புழுதி, மார்ச்சில் எடுத்ததில் காற்று துடைத்துவிட்டிருந்தது. 2018-இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் என்ற கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இறங்கிய புதிதில் ஒரு செவ்வாய் நாளுக்குச் சுமார் 5,000 வாட்-மணி மின்சாரம், 2022 மே மாதத்தில் ஏறக்குறைய 500. ஏப்ரலில் எடுத்த கடைசி செல்ஃபியில் தகடு எது, தரை எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே நிறம். இந்தப் புழுதியைத்தான் இத்தனை வருடமாகத் தொட்டு, அள்ளி, சுட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். இரும்பு ஆக்சைடு அதிகம், அதனால்தான் சிவப்பு. இவ்வளவு தெரிந்த பிறகும் செவ்வாய் தோஷம் என்று சொல்லிப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போவதைக் கேட்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பந்தாவும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வரி கட்டுகிறவருக்கு ஒரு படமாவது காட்ட வேண்டாமா? 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயக் கிளம்பிய நம் ஆதித்யா எல்1 விண்கலம் போகிற வழியில் எடுத்த செல்ஃபியை இஸ்ரோ வெளியிட்டபோது, சூரியனின் கொரோனா (அதன் வெளி வளிமண்டலம்) என்றால் என்னவென்று என்னிடம் விசாரித்தவர்கள் அதற்குமுன் அந்தப் பக்கமே வராதவர்கள். என் மனக்குறை வேறு. படம் காட்ட முடிந்த அறிவியலுக்குக் கைதட்டலும் காசும் வருகிறது. மண் வேதியியலோ பூச்சி வகைப்பாடோ செய்கிற பல்கலைக்கழக ஆய்வகத்தில் காட்ட என்ன இருக்கிறது? ஆராய்ச்சிக்கு நாம் செலவழிப்பது நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அந்தச் சின்ன இலையில் செல்ஃபி எடுக்கத் தெரிந்தவருக்கே முதலில் பரிமாறினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

துளிகூடப் பந்தா இல்லாத செல்ஃபி ஒன்றும் உண்டு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு வெளியே கண்காணிப்புக் கேமரா எதுவும் வைக்கவில்லை. அதன் ஒரு பக்கம் கண்கூசும் வெயில், மறுபக்கம் கடும் குளிரும் கும்மிருட்டும். அந்தக் குளிர்ப் பக்கத்துக்குக் கேபிள் போட்டால் அதன் வழியாக வெப்பம் கசியும். ஆனால் உள்ளே இருந்த அகச்சிவப்புக் கேமராவில், வானத்துக்குப் பதில் தொலைநோக்கியின் சொந்தக் கண்ணாடியைப் பார்க்க ஒரு தனி லென்ஸ் இருந்தது. அதன்வழி எடுத்த படம் 2022 பிப்ரவரியில் வெளியானது. அறுகோணக் கண்ணாடிகள் 18, எல்லாம் மங்கல், ஒன்று மட்டும் பளீர். அந்த ஒன்று அந்நேரம் ஒரு நட்சத்திரத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது, மற்ற பதினேழும் இன்னும் அதன் வரிசைக்கு வரவில்லை. அடுத்த மாதமே 18-ம் சேர்ந்து ஒரே கண்ணாடியாக வேலை செய்ய ஆரம்பித்தன.